ஏவறை வராத வயிறு: நெஞ்செரிவுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வாழ்தல்

அரியாலைப் பெண்களுக்குப் பசியைப் பற்றி எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்துச் சனம் கண்டி வீதி வழியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது கடந்து சென்றது இந்த ஊரைத்தான். 2000ஆம் ஆண்டில் ஊரின் கிழக்குப் பக்கம் போர்முனையானபோது மீண்டும் மூட்டை கட்டினார்கள். கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் உண்பது, பிள்ளைகளுக்குக் கொடுத்த பின் மிஞ்சியதை உண்பது, அடுத்த வேளை நிச்சயமில்லை என்பதால் விரைந்து உண்பது என்பன அந்தக் காலம் பழக்கிவிட்ட பழக்கங்கள். போர் 2009இல் முடிந்த பின்னரும் பல வீடுகளில் தாய்மாரின் கோப்பை கடைசியாகவே நிரம்புகிறது.

அமிலம் மேலெழும் நோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு மிகவும் ஒவ்வாதது இந்தப் பழக்கம்தான். நெஞ்செரிவு நின்றுவிடும். ஆனால் வயிறு ஊதும், சோறு நெஞ்சில் நிற்கும், ஏவறை வராது, சத்தி எடுக்கவும் முடியாது. "ஒப்பரேசன் செய்தும் சுகமில்லையோ?" என்று வீட்டார் கேட்பார்கள். அவரும் தன்னிடம்தான் ஏதோ பிழை என்று எண்ணி, உண்பதைக் குறைத்து, பேசாமல் இருந்துவிடுவார். இந்தச் சத்திரசிகிச்சை எல்லாருக்கும் செய்யப்படுவதில்லை. நெஞ்செரிவுள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மருந்தும் உணவு மாற்றமும் போதும். அதனாலேயே, செய்துகொண்டவருக்கு அயலில் அனுபவம் கேட்க ஆள் கிடைப்பதில்லை.

அத்தகைய சகோதரிகளுக்கும் அவர்களோடு வாழ்பவர்களுக்குமாகவே இக்கட்டுரை.

படலையை இறுக்கிக் கட்டுதல்

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. வீட்டுப் படலை போல, உணவு வரும்போது அது திறக்கும். பின்னர் மூடிக்கொள்ளும். இந்தப் படலை தளர்ந்துவிட்டால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறி நெஞ்சை எரிக்கும். பிரிமென்றகட்டில் உள்ள துவாரம் பெருத்து, இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சறைக்குள் ஏறிவிடுவதும் உண்டு.

சத்திரசிகிச்சையின்போது இரைப்பையின் மேற்பகுதியை எடுத்து, உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றிச் சால்வை போலப் போர்த்தித் தைத்துவிடுவார்கள். இதற்கு ஃபண்டொப்பிளிக்கேசன் என்று பெயர். முழுச் சுற்றாகப் போர்த்துவதும் உண்டு, முக்கால் சுற்று அல்லது அரைச் சுற்றாகப் போர்த்துவதும் உண்டு. முழுச் சுற்றைவிடக் குறைச் சுற்றில் விழுங்கும் சிரமமும் வயிற்றூதலும் பொதுவாகக் குறைவு. உங்களுக்குச் செய்யப்பட்டது எது என்பதைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்து வைத்திருங்கள். பின்னாளில் உங்களைப் பார்க்கும் எந்த வைத்தியருக்கும் அது உதவும்.

இம்முறையைத் தந்தவரும் போரையும் இடப்பெயர்வையும் அறிந்தவரே. ருடோல்ஃப் நிசென் என்னும் ஜேர்மனிய யூத வைத்தியர், முதலாம் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக்காயம் பட்டவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறித் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் பணியாற்றினார். அங்கே புண்பட்ட உணவுக்குழாயின் ஒரு பகுதியை நோயாளி ஒருவரிடமிருந்து அகற்ற நேர்ந்தபோது, மிஞ்சிய முனையை இரைப்பைச் சுவரால் போர்த்தித் தைத்தார். பல ஆண்டுகளின் பின் பார்த்தபோது அந்த நோயாளிக்கு நெஞ்செரிவு இருக்கவில்லை. அந்த நினைவைக்கொண்டு 1955இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் நெஞ்செரிவுக்கென்றே இதனைச் செய்து, அடுத்த ஆண்டு எழுதி வெளியிட்டார். 1991 முதல் வயிற்றைக் கிழிக்காமல், சிறு துவாரங்களின் ஊடாக இது செய்யப்பட்டு வருகிறது.

தொல்லை ஏன் வருகிறது?

இறுக்கிக் கட்டிய படலை, அமிலத்தைத் தடுப்பது போலவே காற்றையும் தடுக்கும். நாம் உண்ணும்போதும் குடிக்கும்போதும் பேசும்போதும் காற்றை விழுங்குகிறோம். முன்பு அது ஏவறையாக வெளியேறியது. இப்போது மேல்வழி அடைபட்டதால், குடல் முழுவதும் பயணம் செய்து கீழ்வழியாகவே போக வேண்டும். அதனால் வயிறு ஊதுகிறது, இரைகிறது, வாயு அதிகம் பிரிகிறது. நெஞ்செரிவோடு நெடுநாள் வாழ்ந்தவர்கள் எரிவைத் தணிக்க அடிக்கடி உமிழ்நீர் விழுங்கிப் பழகியிருப்பார்கள். எரிவு போன பின்னும் அந்தப் பழக்கம் தொடர்வதால் காற்று இன்னும் சேர்கிறது.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஐரோப்பாவின் 11 நாடுகளில் 554 பேரைச் சேர்த்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குச் சத்திரசிகிச்சை, மறுபகுதியினருக்கு மாத்திரை. ஐந்து ஆண்டுகளின் பின், சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 40 பேருக்கு வயிற்றூதல் இருந்தது. மாத்திரை எடுத்தவர்களில் அது 28. வாயு அதிகம் பிரிவது முன்னவர்களில் 57 பேருக்கும் பின்னவர்களில் 40 பேருக்கும் இருந்தது. விழுங்குவதில் சிரமம் 11 பேருக்கும் 5 பேருக்குமாக இருந்தது. அதேவேளை அமிலம் வாய்க்கு வருவது சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 2 பேருக்கே இருந்தது, மாத்திரை எடுத்தவர்களில் 13 பேருக்கு. ஒரு தொல்லை போக இன்னொரு தொல்லை சிலருக்கு வருகிறது என்பதையே இக்கணக்குகள் காட்டுகின்றன. வயிறு ஊதுவது மனப்பிரமையுமல்ல, உங்கள் குற்றமுமல்ல.

விழுங்கும் சிரமம் முதல் வாரங்களில் பலருக்கும் வரும். தைத்த இடம் வீங்கியிருப்பதே காரணம். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தணிந்துவிடும்.

இன்னும் சிலருக்கு உணவு இரைப்பையில் தங்காமல் வேகமாகக் குடலுக்குள் இறங்கிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் வயிற்றை முறுக்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிற்றோட்டம் போகும். வேறு சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தின் பின் இரத்தத்தில் சீனி குறைந்து கைகால் நடுங்கும், தலை சுற்றும். இனிப்பான பானங்களுக்குப் பின் இது கூடுதலாக வரும். இதனைப் பயம் என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் எண்ணுபவர்கள் உண்டு. போரைக் கண்ட பெண்களுக்குப் படபடப்பு வந்தால் "பழசை யோசிக்கிறாய்" என்று சொல்லிவிடுவது எல்லாருக்கும் எளிது. அது சாப்பாட்டுக்குப் பின்னர் மட்டுமே வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் வைத்தியரிடம் அதை அப்படியே சொல்லுங்கள்.

நம் அடுப்படிக்கு ஏற்றபடி

சத்திரசிகிச்சைக்குப் பின் முதலில் நீராகாரம், பின்னர் குழைவான உணவு, சில வாரங்களின் பின் வழமையான உணவு என்று படிப்படியாகப் போக வேண்டும். எத்தனை நாள் என்பதை உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் சொல்வார். அதற்கு முந்த வேண்டாம்.

அரிசிக் கஞ்சி, வடித்த இரசம், உறைப்பில்லாத சொதி, நன்கு குழைந்த சோறு, அவித்து மசித்த பூசணி, கரட், முள் நீக்கிய மென்மையான மீன், அரைவேக்காடாக இல்லாமல் நன்கு அவித்து மசித்த முட்டை என்பன தொடக்கத்துக்கு ஏற்றவை. இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து உண்ணலாம். காய்ந்த புட்டு, புதிய பாண், றொட்டி, இறைச்சித் துண்டு ஆகியவை நெஞ்சில் நிற்கக்கூடியவை. புட்டை விட மனமில்லாதவர்கள், வைத்தியர் வழமையான உணவுக்கு அனுமதித்த பின், பாலோ சொதியோ விட்டுக் குழைத்துச் சிறு வாயாக உண்ணுங்கள். ஒடியற் கூழின் உறைப்பும் அதிலுள்ள நண்டு, பலாக்கொட்டை, பயற்றங்காயும் ஆரம்ப மாதங்களுக்கு ஆகாதவை.

கடலை, கௌபி, பயறு, கோவா, வெங்காயம், பலாக்கொட்டை என்பன வாயுவைக் கூட்டும். ஆயினும் பருப்பு வகைகளை அடியோடு நிறுத்திவிட்டால் உடலுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, நன்கு அவித்து, சிறிதளவாகச் சேர்த்துப் பாருங்கள். எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஆளுக்கு ஆள் மாறும். சோடா வகைகளை மட்டும் தொடாதிருப்பது நல்லது. உள்ளே போகும் அந்த வாயு வெளியே வர வழியில்லை.

எதை உண்கிறோம் என்பதைப் போலவே எப்படி உண்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு நாளில் மூன்று பெரிய சாப்பாட்டுக்குப் பதிலாக ஐந்து அல்லது ஆறு சிறு சாப்பாடு. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். நிமிர்ந்து இருந்து, பேச்சைக் குறைத்து உண்ண வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீரை நிறையக் குடிக்காமல் அரை மணி நேரம் விட்டுக் குடிப்பது வயிற்றில் இடம் விடும். உணவு வேகமாக இறங்கும் தொல்லை உள்ளவர்களுக்கும் அதுவே நல்லது. செம்பை அண்ணாந்து குடிக்கும்போதும், சுடு தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிக்கும்போதும் காற்றும் சேர்ந்து இறங்கும். கோப்பையில் வாய் வைத்து, சற்று ஆறிய பின் மெதுவாகக் குடியுங்கள். ஓயாமல் வெற்றிலை மெல்லுவதும் காற்றை விழுங்க வைக்கும்.

சாப்பிட்டபின் படபடப்பு வருபவர்கள் பாயசம், சர்பத், சீனி கூடிய தேத்தண்ணி ஆகியவற்றைக் குறைத்து, உணவில் முட்டை, மீன் போன்றவற்றைச் சேருங்கள். உண்ட பின் உடனே எழுந்து வேலைக்கு ஓடாமல் அரை மணி நேரம் சாய்ந்திருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

கிணற்றடியும் வாளியும்

தைத்த இடம் ஆறுவதற்கு வாரங்கள் எடுக்கும். அக்காலத்தில் வயிற்றை முக்கிச் செய்யும் எந்த வேலையும் தையலை இழுக்கும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்க வேண்டாம் என்பார்கள். பத்து லீற்றர் வாளி தண்ணீரின் நிறை பத்துக் கிலோ. கிணற்றில் அள்ளுவது, தோட்டத்துக்கு இறைப்பது, தேங்காய் உரிப்பது, விறகு கொத்துவது, உரலில் இடிப்பது, பிள்ளையை இடுப்பில் தூக்குவது எல்லாம் பாரமே.

துணைவரை இழந்து தனித்து வீடு நடத்தும் ஒரு பெண்ணிடம் "ஆறு வாரம் வேலை செய்யாதே" என்று சொல்வது எளிது, அவர் அப்படி இருப்பது அரிது. ஆகவே சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடனேயே ஆயத்தம் செய்யுங்கள். தண்ணீர் அள்ளித் தர யார், பிள்ளைகளைப் பள்ளிக்கு விட யார் என்று சகோதரியிடமோ அயலிலோ முன்கூட்டியே பேசி வையுங்கள். மாதர் சங்கத்தில் சொல்லி வையுங்கள். இடப்பெயர்வில் ஒரே பானையில் சமைத்துப் பகிர்ந்தவர்கள் நாங்கள். ஆறு வாரத்துக்கு முறைபோட்டு வாளி தூக்குவது நமக்குப் பெரிய காரியமல்ல.

பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதும், மலச்சிக்கலால் முக்குவதும், நெடுநாள் இருமலும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். இவற்றையும் கவனியுங்கள்.

விரதமும் விருந்தும்

கந்தசட்டிக்கு ஆறு நாள், கேதாரகௌரி விரதத்துக்கு 21 நாள் என்று நோன்பிருப்பவர்கள் நம் பெண்கள். நாள் முழுவதும் வெறும் வயிறும் மாலையில் ஒரே தடவையில் நிறைந்த சாப்பாடும் இந்த வயிற்றுக்குப் பொருந்தாது. பாலும் பழமும் கஞ்சியுமாகச் சிறிது சிறிதாக எடுத்து விரதத்தை நோற்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். முடியாதென்றால் கும்பிடுவதோடு நிறுத்துங்கள். உடல் நலமில்லாதவர் விரதத்தை விடுவதில் குற்றமில்லை.

கலியாண வீட்டுப் பந்தியில் பாதி உண்டு எழுந்தால் "என்ன, சாப்பாடு பிடிக்கவில்லையோ?" என்பார்கள். வாயு பிரியுமே என்ற கூச்சத்தில் செத்தவீட்டுக்கும் கோயிலுக்கும் பேருந்துப் பயணத்துக்கும் போகாமல் விடுபவர்கள் உண்டு. கூச்சம் ஒரு பெண்ணை மெல்ல மெல்ல வீட்டுக்குள் அடைத்துவிடும். நெருங்கியவர் ஒருவரிடமாவது விடயத்தைச் சொல்லி வையுங்கள். சிறிது நடந்தால் வாயு இறங்கும். வாயுவைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

நோ மாத்திரையும் செல் துண்டும்

காயப்பட்டவர்களும் மூட்டு நோ உள்ளவர்களும் டைக்ளோபெனாக், இபுபுறோபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். இவை இரைப்பையைப் புண்ணாக்கும். இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். நோவுக்கு எது பாதுகாப்பானது என்று வைத்தியரிடம் கேட்டே எடுங்கள். பெரிய மாத்திரை நெஞ்சில் நின்றால் பாணி மருந்தாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்காமல் உடைத்துப் போட வேண்டாம். சில மாத்திரைகளை உடைக்கக் கூடாது.

உடலில் செல் துண்டு தங்கியிருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பொறியின் காந்தம் சில உலோகத் துண்டுகளை அசைக்கக்கூடியது. விழுங்கும் சிரமத்தை ஆராயப் பெரும்பாலும் எண்டொஸ்கொப்பியும், பேரியம் என்னும் பானத்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயுமே போதும். இவற்றுக்குச் செல் துண்டு தடையல்ல.

எப்போது உடனே போக வேண்டும்?

தண்ணீர் கூட, எச்சில் கூட இறங்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வயிறு கல்லாக ஊதி, ஓங்காளித்தும் சத்தி வராமல், நோ கூடிக்கொண்டு போனால் அது அவசர நிலை. சத்திரசிகிச்சை முடிந்த நாட்களில் காய்ச்சல், கடும் நெஞ்சுநோ, மூச்சுத் திணறல் வந்தாலும் அப்படியே. இரத்தமாகச் சத்தி வருவதும், மலம் தார் போலக் கறுத்துப் போவதும், நிறை தொடர்ந்து குறைவதும் வைத்தியரிடம் காட்ட வேண்டியவை. கர்ப்பமானவர்கள் முதல் கிளினிக்கிலேயே இச்சத்திரசிகிச்சை பற்றிச் சொல்லி, ஓங்காளத்துக்கு மருந்து கேளுங்கள். பலமான ஓங்காளம் தையலைக் குலைக்கலாம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். எல்லா நெஞ்சுநோவும் வாயு அல்ல. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது சமிபாடின்மை போலவே தோன்றலாம். நெஞ்சு இறுகி, வியர்த்து, கை அல்லது தாடைப் பக்கம் நோ பரவினால் வெந்நீர் குடித்துப் பார்த்துக்கொண்டிராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது.

கிளினிக்கில் பேசுங்கள்

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கிளினிக் நெரிசலில் வைத்தியரோடு கிடைப்பது சில நிமிடமே. "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் ஒரு மாத்திரையோடு திரும்புவீர்கள். ஒரு கொப்பியில் இரண்டு வாரத்துக்கு எழுதுங்கள்: என்ன உண்டேன், எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, எவ்வளவு நேரம். எழுதச் சிரமமானால் பள்ளிப் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். அந்த ஒரு தாள் உங்களுக்காகப் பேசும்.

மூன்று மாதம் கடந்தும் விழுங்க முடியாவிட்டால், இறுகிய இடத்தை எண்டொஸ்கொப்பியின் ஊடாக விரிக்கும் சிகிச்சை உண்டு. சிலருக்கு மட்டும் மறு சத்திரசிகிச்சை தேவைப்படும். நெஞ்செரிவு திரும்பி வருவதும் உண்டு. சுவீடனில் 2,655 பேரைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் 100க்கு ஏறத்தாழ 18 பேருக்கு அது திரும்பியது. பெண்களில் 22 பேருக்கு, ஆண்களில் 14 பேருக்கு. அவர்களில் பெரும்பாலானோர் மாத்திரையோடு சமாளித்தார்கள். ஆகவே திரும்பி வந்தால் எல்லாம் வீணாயிற்று என்று மனம் உடைய வேண்டாம்.

சகோதரிகளே, இந்தத் தொல்லைக்குச் சொல்லப்படும் பரிகாரத்தில் விலை கூடிய மருந்து அதிகமில்லை. நேரத்துக்குச் சிறிது சிறிதாக உண்ண வேண்டும், இருந்து உண்ண வேண்டும், மெதுவாக உண்ண வேண்டும். இத்தனை காலம் நாம் நமக்கு மறுத்துவந்ததும் இதைத்தான். வீட்டிலுள்ளோர் ஒன்று செய்யலாம்: அம்மாவின் கோப்பையை முதலில் போடுங்கள். அவர் உண்டு முடிக்கும்வரை அவரை எழுப்பாதீர்கள்.